டஸ்கனியின் வெள்ளைச் சாலைகள் பின்தங்கிய சாலைகள் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இத்தாலியின் டஸ்கனி பகுதியில் உள்ள கியாந்தி திராட்சைத் தோட்டங்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த பயணக் கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமையாக இருந்தன. தமிழ் வாசகர்கள் அதிகம் அறியாத ஒரு நிலப்பகுதியை அறிமுகப்படுத்தியதற்கு நன்றி. ஆனால் அங்குள்ள சரளைச் சாலைகளை ‘இன்னும் தார் காணாத பின்தங்கிய கிராமச் சாலைகள்’ என்று ஒரு வரியில் கடந்துவிட்டு, ஆகஸ்ட் மாதத்தில் வாடகைக் கார் எடுத்து அவற்றில் சுற்றிவரலாம் என்று கட்டுரை பரிந்துரைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நெடுஞ்சாலைத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். மகள் புளோரன்சில் வசிப்பதால் அச்சாலைகளில் சைக்கிளில் செல்லும் வாய்ப்பும் எனக்குக் கிடைத்துவருகிறது. அந்தச் சாலைகள் அப்படி இருப்பதற்குப் புறக்கணிப்பு காரணம் இல்லை என்பதையும், அவற்றில் செல்லத் தகுந்த வண்டி சைக்கிள்தான் என்பதையும் விளக்கமாக எழுத விரும்புகிறேன்.

புளோரன்சுக்கும் சியேனாவுக்கும் இடையே உள்ள குன்றுகளில், ஒவ்வொரு மேட்டிலும் ஒற்றையாக ஒரு கல்வீடு நிற்பதைக் கட்டுரையின் படங்களிலேயே காணலாம். அவை விளைச்சலில் பங்கு தரும் வாரக் குடியானவர்களின் வீடுகள். நிலம் பண்ணையாருக்குச் சொந்தம். உழைப்பு குடியானவக் குடும்பத்துடையது. விளைச்சலில் ஆளுக்குப் பாதி. பல நூற்றாண்டுகள் நீடித்த இந்த முறையில் குடியானவர்கள் ஊராகக் கூடி வாழாமல் தாங்கள் உழுத நிலத்தின் நடுவிலேயே வீடு கட்டி வாழ்ந்ததால், அந்த வீடுகளை ஒன்றோடொன்றும், பண்ணை மாளிகை, ஆலை, தேவாலயம், சந்தை ஆகியவற்றோடும் இணைக்கும் சாலைகள் வலைபோல் பரவின. அந்தந்த நிலத்திலிருந்து எடுத்த சுண்ணாம்புக் கல்லையும் சுக்கான் பாறைச் சில்லுகளையும் கொட்டி அவற்றைப் போட்டார்கள். அதனால்தான் அவற்றுக்கு அந்த வெளிறிய நிறம். அதே மண்ணில்தான் சாஞ்சோவேசே என்னும் கருந்திராட்சைக் கொடியும் வேரோடியிருக்கிறது. கொடியும் சாலையும் ஒரே பாறையிலிருந்து பிறந்தவை என்றால் அது மிகையாகாது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நிலைமை மாறியது. இளைஞர்கள் நகரத்துத் தொழிற்சாலைகளை நாடிப் போனார்கள், வீடுகள் பூட்டப்பட்டன, 1964ஆம் ஆண்டுச் சட்டம் புதிய வார ஒப்பந்தங்களைத் தடைசெய்தது. பெரிய சாலைகளுக்குத் தார் வந்தபோது, கிளைச் சாலைகளில் போக ஆளில்லாததால் அவை அப்படியே விடப்பட்டன. இதுவரைக்கும் கட்டுரையாளர் சொல்வது பொருந்தும். அதன் பின்னர் நடந்ததைத்தான் அவர் விட்டுவிட்டார்.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் டஸ்கனி உலகப் புகழ் பெற்றது. மோண்டால்சினோவின் புருனெல்லோ ஒயினுக்கு 1980இல் இத்தாலியின் மிக உயர்ந்த தரச்சான்று கிடைத்தது. பாழடைந்த கல்வீடுகளை வெளிநாட்டினர் வாங்கிப் புதுப்பித்தனர். பணம் வந்தது; பணத்தோடு தாரும் வந்திருக்க வேண்டும். சாலை போடுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், உலகம் முழுவதும் அதுதான் வழக்கம். அந்த நேரத்தில் கயோலே என்ற சிற்றூரைச் சேர்ந்த ஜான்கார்லோ ப்ரோச்சி, இந்தச் சாலைகள் மறைந்துபோவதற்குள் அவற்றின் அருமையை மக்களுக்கு உணர்த்த வேண்டும் என்று கருதி, 1997இல் எரோயிகா என்ற சைக்கிள் பயணத்தைத் தொடங்கினார். முதல் ஆண்டில் கலந்துகொண்டவர்கள் 92 பேர். இன்று அக்டோபர் முதல் ஞாயிற்றுக்கிழமையன்று அந்தச் சிற்றூர் உலகின் பல நாடுகளிலிருந்து வரும் ஆயிரக்கணக்கான சைக்கிளோட்டிகளால் நிரம்பி வழிகிறது.

அதன் விதிகளைக் கவனித்தால் நோக்கம் விளங்கும். சைக்கிள் 1987க்கு முன் செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். கியர் மாற்றும் நெம்புகோல் சட்டத்தின் சாய்குழாயில் இருக்க வேண்டும்; பிரேக் கம்பி கைப்பிடிக்கு வெளியே வளைந்து தெரிய வேண்டும்; பெடலில் பாதத்தைப் பிணைக்கக் கூண்டும் வாரும் இருக்க வேண்டும். சட்டை கம்பளி நூலில் பின்னியது. முழுப் பாதை 209 கி.மீ.; அதில் ஏறத்தாழப் பாதி சரளை. வெற்றியாளர் என்று எவரும் கிடையாது, நேரத்தை ஒப்பிட்டுப் பரிசும் கிடையாது. நடுவழியில் பசியாறும் இடங்களில் பொட்டலத்தில் அடைத்த சத்துப்பசைக்குப் பதிலாக, பழைய ரொட்டியையும் காய்கறிகளையும் அவரையையும் சேர்த்துக் காய்ச்சும் ‘ரிபொல்லீத்தா’ என்ற குடியானவர் உணவும், ஆலிவ் எண்ணெய் ஊற்றிய ரொட்டியும், ஒரு கிண்ணம் ஒயினும் கிடைக்கும். ஜீனோ பார்த்தாலி போன்ற வீரர்கள் ஓட்டிய காலத்தை நினைவில் வைத்துச் செய்யப்பட்ட ஏற்பாடு இது. புளோரன்சுக்கு அருகில் பிறந்த பார்த்தாலி, போர்க்காலத்தில் யூதர்களைக் காப்பாற்றுவதற்கான போலி அடையாளச் சீட்டுகளைச் சைக்கிளின் குழாய்க்குள் ஒளித்து, பயிற்சி செய்வதாகக் காட்டிக்கொண்டு புளோரன்சிலிருந்து அசீசி வரை ஓட்டிச் சென்றவர். 2013இல் இஸ்ரேலின் யாத் வாஷெம் நினைவகம் அவரை முறைப்படி கௌரவித்தது. அவர் காலத்து இத்தாலியில் சைக்கிள் பந்தயங்களின் பெரும்பகுதி இத்தகைய புழுதிச் சாலைகளில்தான் நடந்தது.

எரோயிகாவின் வெற்றி தொழில்முறை வீரர்களையும் அங்கே இழுத்து வந்தது. 2007இல் கயோலேயில் தொடங்கிச் சியேனாவில் முடிந்த போட்டி, பின்னர் ஸ்ட்ராடே பியாங்கே (‘வெள்ளைச் சாலைகள்’) என்ற பெயரில் ஆண்டுதோறும் மார்ச் மாதம் நடக்கும் பெரும் போட்டியாக வளர்ந்தது. மகளிர் போட்டி 2015இல் சேர்ந்தது. சுவிட்சர்லாந்து வீரர் ஃபாபியன் கான்செல்லாரா மூன்று முறை வென்றார். மோண்டே சாண்டே மரியே என்ற 11.5 கி.மீ. நீளச் சரளைப் பகுதி இன்று அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. 2024இல் ஸ்லோவேனிய வீரர் தாதேய் போகாச்சர் அதே இடத்தில் எல்லாரையும் விட்டுவிட்டு, எஞ்சிய 81 கி.மீ. தூரத்தையும் தனியாகவே ஓட்டி வந்து வென்றதைத் தங்கள் விளையாட்டுப் பக்கத்து வாசகர்கள் அறிந்திருக்கலாம். அந்த ஆண்டு மொத்தத் தூரமான 215 கி.மீ.யில் 70 கி.மீ.க்கு மேல் சரளைதான். ஆயினும், அந்தச் சாலைகளை உலகம் கண்ணெடுத்துப் பார்த்த நாள் என்று நான் சொல்வது 2010ஆம் ஆண்டு ஜீரோ த இத்தாலியா என்ற பல நாள் சைக்கிள் போட்டியில், கொட்டும் மழையில் வீரர்கள் மோண்டால்சினோவுக்குச் சென்ற நாளைத்தான். உலகச் சாம்பியனின் வானவில் சட்டை அணிந்திருந்த கேடல் இவான்ஸ் அன்று வென்றார். சட்டையின் வண்ணக் கோடுகள் தெரியாத அளவுக்குச் சேறு. அத்தகைய ஒரு நாளை உண்டாக்கும் ஆற்றல் தார்ச் சாலைக்கு இல்லை.

இப்போது என் தொழில் சார்ந்த விஷயத்துக்கு வருகிறேன். தார் போடாத சாலை என்றால் பராமரிக்காத சாலை என்று பொருள் அல்ல. தார் போட்ட சாலையைச் சில ஆண்டுகள் மறந்துவிடலாம். சரளைச் சாலையை ஒரு மழைக்காலம்கூட மறக்க முடியாது. அதற்கு எதிரி தண்ணீர். சாலையின் மேல் விழும் மழைநீர் நடுவில் நிற்காமலும் சக்கரத் தடத்திலேயே ஓடாமலும் உடனடியாகப் பக்கவாட்டில் இறங்க வேண்டும். அதற்காக நடுப்பகுதியைத் தார்ச் சாலையைவிடக் கூடுதலாக உயர்த்தி, இருபுறமும் சரிவு கொடுக்க வேண்டும். நாங்கள் இதைக் கேம்பர் என்போம். ஓரத்து வாய்க்கால் தூர்ந்துவிடக் கூடாது. சிறுபாலக் குழாய்கள் அடைத்துக்கொள்ளக் கூடாது. எங்கள் நாளில் கப்பி போட்டு, ரோலர் ஓட்டி, கிராவல் தூவித் தண்ணீர் தெளித்துக் கெட்டிப்படுத்திய சாலைகளுக்கும் இதே இலக்கணம்தான்.

ப்ரோலியோ கோட்டைக்கு ஏறும் சாலையைச் சைக்கிளை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்திருக்கிறேன். 1141 முதல் ரிக்காசோலி குடும்பத்தின் உடைமையான கோட்டை அது. இத்தாலியின் இரண்டாவது பிரதமராக இருந்த பெத்தீனோ ரிக்காசோலி, கியாந்தி ஒயினில் எந்தெந்தத் திராட்சை எந்த அளவில் சேர வேண்டும் என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வகுத்ததும் அங்கேதான். எரோயிகா நாளன்று விடியுமுன் இருட்டில், இருபுறமும் விளக்கேற்றி வைத்த சைப்ரஸ் மர வரிசைக்கு நடுவே சைக்கிளோட்டிகள் இதில் ஏறுவார்கள். பகலில் பார்த்தால், சக்கரங்கள் ஓடி ஓடி இறுகிய இரண்டு தடங்கள் சிமெண்ட் தரைபோல வழவழப்பாக இருக்கும். அவற்றின் நடுவிலும் ஓரத்திலும் கட்டைவிரல் நகமளவு வெள்ளைக் கற்கள் உதிரியாகக் குவிந்திருக்கும். சரிவான இடங்களில் சாலைக்குக் குறுக்கே, சற்றுச் சாய்வாக, கையகல ஓடையொன்று வெட்டப்பட்டிருந்தது. மேட்டிலிருந்து வரும் தண்ணீர் வேகம் பிடிக்குமுன் அதைப் பள்ளத்துக்குத் திருப்பிவிடும் ஏற்பாடு அது. அந்த ஓடையில் அப்போதுதான் யாரோ மண்வெட்டியால் சருகைத் தள்ளிச் சுத்தம் செய்த அடையாளம் இருந்தது. இதைச் செய்கிறவர்கள் இருக்கும்வரை அதைப் பின்தங்கிய சாலை என்று சொல்ல எனக்கு மனம் வராது.

காரில் செல்லும்படி பரிந்துரைப்பதில் உள்ள தீங்கை இனிச் சொல்ல வேண்டும். உலர்ந்த சரளையில் வேகமாக ஓடும் கார் ஒவ்வொன்றும் நுண்ணிய புழுதியைக் கிளப்பிக்கொண்டு போகிறது. கற்களை இறுக்கிப் பிடித்திருப்பதே அந்த நுண்துகள்தான். அது பறந்துபோன இடத்தில் கற்கள் கழன்று உருளும், பின்னர் சலவைப் பலகைபோல் வரிவரியான அலைகள் விழும், அதற்குப் பின் மொத்தச் சாலையையும் கிளறி மறுபடி சமன்செய்வதைத் தவிர வேறு வழியில்லை. பறந்த புழுதியோ சாலையோரத் திராட்சை இலைகளில் படிகிறது. புழுதி படிந்த கொடிகளில் சிலந்திப்பேன் பெருகும் என்பது திராட்சை விவசாயிகள் நன்கு அறிந்த உண்மை. அப்பேன்களைத் தின்னும் நன்மை செய்யும் பூச்சிகளுக்குப் புழுதி ஒத்துக்கொள்வதில்லை. ஆகஸ்டில், அதாவது மழையே இல்லாமல் புழுதி மிகுந்திருக்கும் மாதத்தில், காய்கள் நிறம் மாறிப் பழுக்கத் தொடங்கியிருக்கும் நேரத்தில், நூற்றுக்கணக்கான வாடகைக் கார்கள் அந்த வழியே போவதை எந்தத் தோட்டக்காரர் வரவேற்பார்? சைக்கிள் அவ்வளவு வேகமாகவும் போவதில்லை, அவ்வளவு கனமாகவும் இல்லை. (சியேனா, புளோரன்ஸ் ஆகிய நகரங்களின் பழைய பகுதிகளுக்குள் அனுமதியின்றிக் கார் நுழைந்தால் கேமரா படம்பிடித்து, ஊர் திரும்பிய பின் அபராதச் சீட்டு வீடு தேடி வரும் என்பதையும் கட்டுரை குறிப்பிட்டிருக்கலாம்.)

சைக்கிளில் செல்ல விரும்புகிறவர்களுக்குச் சில விவரங்களைத் தர அனுமதியுங்கள். இதற்கென்றே இப்போது கிராவல் சைக்கிள் என்ற வகை வந்துவிட்டது. பார்வைக்குப் பந்தய சைக்கிள் போலவே வளைந்த கைப்பிடி. ஆனால் டயரின் அகலம் 40 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல், பிரேக் தட்டு (டிஸ்க்) வகை, ஏற்றத்துக்கேற்ற மிகத் தாழ்ந்த கியர். பெரும்பாலானவற்றில் உள்ளே டியூப் இல்லை. சிறு துளை விழுந்தால் அடைத்துக்கொள்ளும் திரவம் டயருக்குள் இருக்கும். புதியவர்கள் செய்யும் முதல் தவறு, டயரில் காற்றை அளவுக்கு மீறி அடிப்பது. கல்லென இறுகிய டயர் ஒவ்வொரு கல்லிலும் துள்ளும், ஏற்றத்தில் பிடிப்பில்லாமல் வழுக்கும். சற்றுக் காற்றுக் குறைந்த டயர் கல்லின்மீது அமுங்கி உருளும். சரளை ஏற்றத்தில் இருக்கையை விட்டு எழுந்து மிதிக்கக் கூடாது. பின்சக்கரத்தின்மேல் எடை இல்லாவிட்டால் அது நின்ற இடத்திலேயே சுழலும். கோலே பின்சூத்தோ என்ற இடத்தில் சரிவு 15 சதவீதம் வரை போகிறது; அங்கே இறங்கித் தள்ளிக்கொண்டு போவதில் எந்த இழிவும் இல்லை, தேர்ந்த பலரும் தள்ளுகிறார்கள். இறக்கத்தில் முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்தால் விழுவது உறுதி. இறுகிய தடத்தைப் பார்த்து, அதிலேயே சக்கரத்தை வைத்து, கைகளைத் தளர்வாக வைத்துக்கொண்டு இறங்க வேண்டும். ஒரு தடத்திலிருந்து மறு தடத்துக்கு மாறும்போதுதான் நடுவிலுள்ள உதிரிக் கற்கள் ஆளைச் சாய்க்கும்.

சியேனாவுக்குத் தென்கிழக்கே அஷானோவை ஒட்டிய களிமண் குன்றுகளில் மழை பெய்த மறுநாள் போகாமல் இருப்பது நல்லது. அங்கே மண் பிசைந்த மாவுபோல டயரில் அப்பிக்கொண்டு, சட்டத்துக்கும் சக்கரத்துக்கும் இடையே அடைத்துச் சைக்கிளை அப்படியே நிறுத்திவிடும். மழையில் ஊறிய சாலையில் ஓட்டினால் தடம் ஆழப் பதிந்து சாலையும் கெடும். சாலையின் நலன் கருதியும் ஒரு நாள் பொறுப்பது முறை.

எரோயிகாவின் பாதைக்கு நிரந்தர வழிகாட்டிப் பலகைகள் நடப்பட்டிருப்பதால் ஆண்டு முழுவதும் யார் வேண்டுமானாலும் அதில் செல்லலாம். கயோலேயிலிருந்து புறப்பட்டு, ப்ரோலியோ வழியாகச் சியேனாவின் புறநகரைத் தொட்டு, மோண்டால்சினோ வரை தெற்கே இறங்கி, அஷானோ, காஸ்தெல்நுவோவோ பெரார்தேங்கா, ராத்தா வழியாகத் திரும்பும் அந்தப் பாதையை ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்ற கட்டாயம் எவருக்கும் இல்லை. மூன்று நான்கு நாட்களாகப் பிரித்துக்கொண்டு, இடையில் பண்ணை வீடுகளில் தங்கிப் போவதே என் வயதையொத்தவர்களுக்கு ஏற்றது. புளோரன்சிலிருந்து சியேனாவுக்குச் செல்லும் வட்டார ரயிலில் தனிச் சீட்டு வாங்கிச் சைக்கிளை உடன் கொண்டுசெல்லலாம். ஏப்ரல் பிற்பகுதி, மே, செப்டம்பர் இறுதி, அக்டோபர் தொடக்கம் ஆகியவையே தகுந்த பருவங்கள். ஆகஸ்டில் நிழலற்ற அந்த வெள்ளைச் சாலையின் வெப்பம் எளிதில் தாங்கக்கூடியது அல்ல.

செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் செல்கிறவர்கள் அது அறுவடைக் காலம் என்பதை மறக்கக் கூடாது. திராட்சைப் பெட்டிகளை ஏற்றிய டிராக்டர் எதிரே வந்தால் சைக்கிளை ஓரத்தில் நிறுத்தி வழிவிட வேண்டும். பறித்த பழம் ஆலைக்குப் போகும் அவசரம் நம் அவசரத்தைவிடப் பெரிது. கொடி வரிசைகளுக்கு இடையே புகைப்படத்துக்காகச் சைக்கிளை ஓட்டிச் செல்வது, அனுமதியின்றிப் பழம் பறிப்பது ஆகியவற்றைச் சில பயணிகள் செய்யக் கண்டு வருந்தியிருக்கிறேன். ஒயின் சுவைப்பது பற்றிக் கட்டுரை நிறைய எழுதியிருந்தது. நான் மது அருந்துவதில்லை; அருந்துகிறவர்களைக் குறைகூறவும் முன்வரவில்லை. ஆனால் இத்தாலியச் சட்டத்தில் சைக்கிளும் ஒரு வாகனமே. இரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் என்ற மது வரம்பு சைக்கிளோட்டிக்கும் பொருந்தும். சரளை இறக்கங்களில் சட்டத்தைவிடக் கடுமையாகத் தண்டிக்கக்கூடியது சாலையே என்பதால், ஒயின் சுவைப்பதை அன்றைய பயணம் முடிந்த மாலைக்கு வைத்துக்கொள்வதே சரி. கியாந்தியின் எல்லையை 1716இலேயே டஸ்கனியை ஆண்ட மூன்றாம் கோசிமோ தே மெடிச்சி அரசாணையால் வரையறுத்தார் என்பதையும், கழுத்துப்பட்டையில் கருஞ்சேவல் முத்திரையுள்ள புட்டிகளே கியாந்தி கிளாசிகோவைச் சேர்ந்தவை என்பதையும், அவற்றில் குறைந்தது 80 சதவீதம் சாஞ்சோவேசே இருக்க வேண்டும் என்பதையும் அறிந்து சுவைப்பவர்களுக்கு அந்த மாலை இன்னும் பயனுள்ளதாக இருக்கும் என்று என் மருமகன் சொல்வார்.

கயோலே மூட்டிய ஆர்வம் வேறு திராட்சை நாடுகளுக்கும் பரவியிருக்கிறது. ஸ்பெயினின் ரியோஹா பகுதியில் எரோயிகாவின் துணைப் பயணம் நடக்கிறது. 2023இல் கிராவல் சைக்கிளோட்டத்தின் உலகச் சாம்பியன் போட்டி, வடகிழக்கு இத்தாலியில் புரோசேக்கோ ஒயினுக்கான திராட்சை விளையும் குன்றுகளின் ஊடே நடந்தது. அந்தக் குன்றுகள் 2019 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருப்பவை. இவற்றைப் பற்றியும் தங்கள் இணைப்பில் கட்டுரைகள் வர வேண்டும் என்பது என் விருப்பம்.

தங்களிடம் நான் கேட்டுக்கொள்வது இரண்டு. அடுத்த ஞாயிறு இணைப்பில், அந்தச் சாலைகள் திட்டமிட்டுப் பேணப்படும் சரளைச் சாலைகள் என்று ஒரு திருத்தமும், செல்லத் தகுந்த பருவம் பற்றி ஒரு குறிப்பும் வெளியிட வேண்டும். விடுமுறைக்குப் பயணச்சீட்டு எடுக்கும் குடும்பங்கள் அந்தக் கட்டுரையை நம்பி ஆகஸ்ட் மாதத்தைத் தேர்ந்தெடுத்துவிடக் கூடாது. அடுத்து, மார்ச் மாதம் ஸ்ட்ராடே பியாங்கே நடக்கும்போது, வென்றவரின் பெயரோடும் நேரத்தோடும் நிறுத்திக்கொள்ளாமல், எந்தச் சாலைப் பகுதியில் போட்டி திரும்பியது, அந்தச் சாலை எப்படிப்பட்டது என்பதையும் தங்கள் விளையாட்டுச் செய்தியாளர் எழுத வேண்டும். இடப்பெயர்களின் உச்சரிப்பிலோ சாலைத் தொழில்நுட்பத்திலோ உதவி தேவைப்பட்டால் செய்யக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நெடுஞ்சாலைப் பொறியாளர்,
தஞ்சாவூர்.